பேராசிரியர் ஹால்வர் இன்னும் பணியில் இருக்கிறார்

பேராசிரியர் எமெட் ஹால்வர் இறந்தது 1993 செப்டம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை. அவருடைய பதவி உயர்வு ஃபைலை நான் டீன் ஆபீசில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியது எட்டாம் தேதி சாயங்காலம். இந்த இரண்டு தேதிகளும் இடம் மாறியிருந்தால் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

என் பெயர் வெர்னா ஸ்டோல்ஸ். நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே நிற்கும் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத் துறைச் செயலாளராக அப்போதே இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியிருந்தேன். துறைத் தலைவர்கள் ஒன்பது பேர் வந்து போனார்கள். ஹால்வர் மட்டும் நான் சேர்ந்த நாளிலிருந்து மூன்றாவது மாடியில் அதே மூலை அறையில் இருந்தார்.

லுத்தரன் சர்ச்சில் அடக்க ஆராதனை முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் கேரட் போட்ட பச்சை ஜெல்லியும் தின்றோம். டீன் ப்ராட்ஃபோர்ட் கீல் எழுந்து பேசினார். ஹால்வர் ஒரு படிவத்தையும் தாமதமாகக் கொடுத்ததில்லை என்றும், அந்த ஒழுங்குதான் ஒரு கலைஞனின் ஆன்மா என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படிவங்களை நிரப்பியவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. நான் ஜெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஃபைலைத் திரும்ப வாங்க டீனிடம் போனேன். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

"ஃபைலை வாபஸ் வாங்கணும்னா விண்ணப்பதாரரே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கணும், வெர்னா."

"அவரைச் சனிக்கிழமை புதைச்சுட்டு வந்தோம். நீங்கதான் பேசினீங்க."

"நல்லா வந்துச்சுல்ல? ஆனா அவர் சார்பா நான் முடிவெடுத்தா, அது ஒரு ஆசிரியரோட உரிமையில நிர்வாகம் மூக்கை நுழைக்கிற மாதிரி ஆயிடும். அதை மட்டும் நான் செய்யவே மாட்டேன்."

பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இன்னும் தெளிவாக இருந்தார்கள். வேலையை விட்டுப் போகிற எவரும் விடைபெறும் நேர்காணல் ஒன்றை முடித்துக் கையெழுத்திட வேண்டும். அது முடியாதவரை யாரையும் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. ஹால்வர் முடிக்கவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் அவருடைய அஞ்சல் பெட்டிக்கு மூன்று கடிதம் வந்தது. மூன்றாவதில், நேர்காணலுக்கு வராததற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

ஹால்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் மணல்குன்றுப் பக்கம் கிணறு தோண்டும் ஒருவரின் மகன். இருபத்தொன்பது வயதில் முதல் நாவல் எழுதினார். அதில் பஞ்ச காலத்தில் ஒருவன் கிணறு தோண்டிக்கொண்டே இருக்கிறான். ஊரே காலிசெய்து போன பிறகு தண்ணீர் வருகிறது. நியூயார்க் பத்திரிகை ஒன்று அரைப் பக்கம் புகழ்ந்தது. அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கள் பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு எடுத்தது. நாவலை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு நாவல், இரண்டு கவிதைத் தொகுப்பு. எழுபத்தொன்றில் இணைப் பேராசிரியர் ஆக்கினார்கள். அதோடு புத்தகம் நின்றது. வருஷாந்தர அறிக்கை, பாடத்திட்டக் கமிட்டி, பாடத்திட்டக் கமிட்டியைப் பரிசீலிக்கும் கமிட்டி என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போனது.

இரண்டு முறை முழுப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். முதல் தடவை, நாவல்களில் அடிக்குறிப்பு இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை கவிதைகளை எடுத்துக்கொண்டார்கள். தொகுப்பு அறுபத்துநான்கு பக்கம். கமிட்டி ஒரு அடிக்கோலைக் கொண்டுவந்து, வரிகளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தையெல்லாம் கழித்து, மொத்தம் பத்தொன்பதேகால் பக்கம்தான் உழைப்பு என்று எழுதியது. நான் அதைத் தட்டச்சு செய்துவிட்டு அழுதேன். அவர் சிரித்தார்.

"கிணத்துல தண்ணியைவிட வெத்திடம்தான் அதிகம், வெர்னா. அதைத்தான் தோண்டறோம்" என்றார். அதற்குப் பிறகு அவர் கவிதை எழுதி நான் பார்க்கவில்லை.

மூன்றாம் தடவை விண்ணப்பிக்க வைத்தது நான். வேண்டாம் என்றவரை விடாமல் நச்சரித்தேன். ஃபைலை நானே தொகுத்தேன். கையெழுத்துகளையும் நானே போட்டேன். எழுபத்துநாலு ஜனவரியில் அவர் பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, "நீயே போட்டுடு" என்று ஆரம்பித்தது அது. கட்டுப் பிரித்துக் கை சரியானது. பழக்கம் சரியாகவில்லை. மதிப்பெண் பட்டியல், விடுப்பு, அறிக்கை எல்லாவற்றிலும் பத்தொன்பது வருஷமாக என் கைதான் எமெட் ஹால்வர். நான் போடும் கையெழுத்து நன்றாகவும் இருக்கும். பெரிதாக ஆரம்பித்து, கடைசியில் ஒரு வாலை நீட்டி அடிக்கோடு போட்டு முடிப்பேன். ஒரு பேராசிரியருக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செப்டம்பர் இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மூலை அறையிலிருந்து சுழல் நாற்காலியின் கிறீச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். போய்க் கதவைத் திறந்தேன். அறை காலி. நாற்காலி மட்டும் ஜன்னல் பக்கம் மெல்லத் திரும்பி நின்றது. அவர் எப்போதும் வாயில் போட்டுக்கொள்ளும் இருமல் மிட்டாயின் வாசனை அடித்தது. என் மேஜைக்குத் திரும்பி ஒரே வரியை நான்கு முறை தட்டச்சு செய்தேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மறுபடி சத்தம். இந்த முறை அவர் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டுத் தாளை வைத்து, பச்சைப் பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தார். வெயில் அவர் தோள் வழியாகப் புகுந்து புத்தக அலமாரியில் விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை. நான் கதவைச் சத்தம் போடாமல் சாத்தினேன். ஆபீஸ் நேரத்தில் இருக்கும் ஆசிரியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது துறை விதி.

செவ்வாய், வியாழன், இரண்டிலிருந்து நாலு வரை என்று அவர் கதவில் முப்பது வருஷமாக ஒரு அட்டை ஒட்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது அந்த நேரத்தில் அவர் ஒரு கமிட்டியில் இருப்பார், அல்லது கமிட்டிக்குப் பயந்து விவசாயக் கல்லூரிச் சாப்பாட்டறையில் மிளகாய்க் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார். செத்த பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. கதவில் தொங்கும் மரத் தட்டில் மாணவர்கள் எழுத்துப் படிகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவை பச்சைக் குறிப்புகளோடு திரும்பி வந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் பயம் போய்விட்டது. அதன் இடத்தில் வந்தது பயத்தைவிட மோசமாக இருந்தது. அந்த மனிதர் இத்தனை வருஷமாகச் செய்ய விரும்பியது இது ஒன்றைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவருடைய நாவல் எழுதும் வகுப்புக்கு வேறு ஆள் போடவில்லை. பணியில் இருப்பவரின் வகுப்புக்கு எப்படி ஆள் போடுவது? பதினோரு மாணவர்களும் புதன்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர்கள் விமர்சித்துக் கிழித்தார்கள். எழுதியவன் வாய் திறக்கக் கூடாது என்பது இந்த வகுப்புகளில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். காலியாக இருந்த நாற்காலியில் ஆசிரியரும் வாய் திறக்கவில்லை என்பதை அவர்கள் அந்த வழக்கத்தின் உயர்ந்த நிலையாக எடுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் ஆசிரியர் மதிப்பீடு வந்தது. போன வருஷம் ஐந்துக்கு மூன்று புள்ளி இரண்டு வாங்கியவருக்கு நாலு புள்ளி ஆறு. 'தன் கருத்தைத் திணிப்பதில்லை' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'மௌனத்தால் கற்பிக்கிறார்' என்று இன்னொருவன். டீன் அதை நகலெடுத்து எல்லாத் துறைக்கும் அனுப்பினார். தத்துவத் துறையில் மதிப்பீடு குறைந்த இருவரை, போய் ஹால்வரின் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்படி சொன்னார். அவர்களும் போய்க் குறிப்பெடுத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை டீன் எங்கள் மாடிக்கு வந்தார். எதிரே ஹால்வர் தண்ணீர் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். டீன் லேசாகத் தலையசைத்து, "எமெட், கார் நிறுத்தும் படிவம் இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். அவர் மறந்துவிட்டாரா, இல்லை உயிரோடு இருந்த ஹால்வரையும் இதே மாதிரிதான் பார்த்தாரா என்று வெகுநேரம் யோசித்தேன்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், ரோண்டா பிக்கெட் மட்டும் இல்லாவிட்டால்.

ரோண்டாவுக்கு ஐம்பத்தொரு வயது. கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் எண் மஞ்சள் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே மத்தியானத்தில் வந்து வந்து, ஏழு வருஷமாகப் படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆய்வேடு நாற்பத்துநான்கு கவிதைகள். பஸ் நிற்கும் வீடுகள், ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் பெரிய கண்ணாடியில் தெரியும் குழந்தைகள், ஒரு பண்ணை விற்றுப்போன பிறகும் பழக்கத்தில் நின்றுவிட்டுப் போகும் ஒரு நிறுத்தம். வழிகாட்டி ஹால்வர். ஏழு வருஷத்துக்கு மேல் போனால் அதுவரை படித்தது எல்லாம் செல்லாது. டிசம்பர் மூன்றாம் தேதி ஐந்து மணிக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு ஆய்வேடு பதிவாளரிடம் போக வேண்டும். போனால், ஜனவரியில் அதே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆங்கில ஆசிரியர் வேலை காத்திருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்கள வாசல்ல இறக்கி விட்டிருக்கேன், வெர்னா. உள்ள போனதே இல்ல" என்றாள்.

வழிகாட்டியை மாற்றிவிடலாம் என்று படிவத்தை எடுத்தேன். மாற்றுவதற்கு இப்போதைய வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும் என்று அதன் கடைசி வரியில் இருந்தது. ரோண்டா படிவத்தைப் பார்க்கவில்லை. தட்டில் திரும்பி வந்திருந்த அவளுடைய கவிதைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இது அவர் எழுத்து."

"ஆமா."

"எப்ப எழுதினது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போன செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவள் தாளைத் தட்டி நேராக்கினாள். மூலை அறைக் கதவைப் பார்த்தாள். "நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

"படிச்சிட்டிருக்கார்."

அவள் தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

நவம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை பிற்பகல் பதவி உயர்வுக் கமிட்டி கூடியது. ஏழு பேர், தலைமை டீன் கீல், குறிப்பெடுக்க நான். இரண்டு மணியானதும் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஹால்வர் வந்து நின்றார். என்னைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரித்திரத் துறைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி, விண்ணப்பதாரர் காலமாகிவிட்டாரே என்று ஆரம்பித்தார். டீன் கையை உயர்த்தினார். நான் எழுதிய குறிப்பிலிருந்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அது அவரோட சொந்த விஷயம். உடல்நிலையை வச்சு நாம யாரையும் எடை போடறதில்ல, அது சட்டப்படி தப்பு. ஃபைல் என்ன சொல்லுதுன்னு மட்டும் பாருங்க. செப்டம்பர்லேர்ந்து இவர் மேல ஒரு புகார் இல்ல. ஒரு கூட்டத்துலயும் எதிர்த்துப் பேசல. அறை, உதவியாளர், விடுப்பு எதுவும் கேக்கல. மாணவர் மதிப்பீடு நாலு புள்ளி ஆறு. இப்படி ஒருத்தரை உருவாக்கத்தான் நான் பதினாலு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்."

எதிர்காலத் திட்டம் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஒரு அம்மாள் கேட்டார். எதிர்காலத்தில் இவர் என்ன செய்வார் என்று இவ்வளவு உறுதியாக வேறு யாரைப் பற்றியும் சொல்ல முடியாது என்றார் டீன். அது நியாயமாகப் பட்டது போல. அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். சரித்திரத்துறைக்காரர் விடவில்லை. நாவல்களை இங்கே யாராவது படித்திருக்கிறோமா என்று கேட்டார்.

ஹீட்டர் மட்டும் தட்தட்டென்று அடித்துக்கொண்டது.

"படிச்சா பிடிச்சிடும், இல்ல பிடிக்காம போயிடும்" என்றார் டீன். "ரெண்டுமே பாரபட்சம். இந்தக் கமிட்டி அதை என்னைக்கும் அனுமதிச்சதில்ல."

ஏழுக்கு ஏழு. எமெட் ஹால்வர் முழுப் பேராசிரியர் ஆனார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் காபிப் பாத்திரத்தின் பக்கம் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. தன்னைப் பற்றி அல்லாமல் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர் போல, கொஞ்சம் மரியாதையோடு நின்றார். அந்த யாரோ ஒருவரை உண்டாக்கியது நான். எனக்கு அவமானமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ரோண்டா விஷயத்தை டீனிடம் சொன்னேன். முழுப் பேராசிரியர் ஆன அன்றே அவருடைய மாணவியைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் மறுத்துவிட்டார்.

நவம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. கமிட்டி நாளுக்குப் பிறகு அவர் பெயரை நானே போட மனம் வரவில்லை; கையெழுத்துப் படிவத்தோடு மூலை அறைக் கதவைத் தட்டினேன். இறந்தவரிடம் நான் நேரில் பேசியது அதுதான் முதல் தடவை. அறை பனிப்பெட்டி போல இருந்தது. ரோண்டாவின் கட்டு அவர் மடியில் இருந்தது. படிவத்தை நீட்டினேன்.

"இன்னும் முடிக்கல" என்றார். குரல் அதே குரல்தான், பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். போட்டுக் கொடுத்துட்டு அப்புறம் படிங்க, புரொஃபசர்."

"இன்னும் ஒம்பது கவிதை இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் எதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள், எல்லாவற்றையும் என் தலையில்தானே கட்டினீர்கள், இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். பேய் என்ற பயம்கூட அப்போது இல்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அதனாலதான், வெர்னா" என்றார். "நான் எழுதினத இங்க யாரும் படிக்கலேன்னு வருத்தப்பட்டேன். நானும் யாரையும் ஒழுங்கா படிக்கல" என்றார். பிறகு மறுபடி தாளைக் கையில் எடுத்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு நாற்காலி கிறீச்சிட்டது. போனேன். கட்டு மூடியிருந்தது. என் பேனாவை வாங்கி, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினார். அந்தக் கையெழுத்தை நான் கடைசியாகப் பார்த்தது மணிக்கட்டு உடைவதற்கு முன். சின்னதாக, செங்குத்தாக, பள்ளிப் பையன் பரீட்சைத் தாளில் பெயர் எழுதுகிற மாதிரி இருந்தது. வால் இல்லை. மை காய்வதற்குள் நான் மூன்று முறை ஊதினேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். ஜன்னலில் டுவெய்ன் என்பவன். நல்லவன்தான், விதி தவிர வேறு எதையும் நம்பாதவன். படிவத்தை எடுத்து, ஒரு பெட்டியிலிருந்து ஹால்வரின் மாதிரிக் கையெழுத்து அட்டையை உருவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தான். எண்பதில் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டவள் நான்.

"இது அவர் கையெழுத்து இல்ல, வெர்னா."

"அவர்தான் போட்டார். என் கண்ணு முன்னாடி."

"எப்ப?"

"நேத்து."

செத்தவர் நேற்று எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று அவன் கேட்கவில்லை. பட்டியலில் அவர் பணியில் இருக்கிறார். அது அவனுக்குப் போதும். "வால் எங்க? அடிக்கோடு எங்க? இத்தனை வருஷமா அவரோட பேப்பர் எல்லாம் என் கையாலதான் போகுது. எனக்குத் தெரியாதா அவரை? எவனோ போலியா போட்டிருக்கான்" என்றான். சிவப்பு முத்திரையை எடுத்து, 'பொருந்தவில்லை' என்று கையெழுத்தின் மேலேயே அடித்தான்.

மணி நாலு இருபது. வராந்தாவில் தண்ணீர் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு புதுப் படிவத்தை வைத்துப் பிடித்தேன். ஆயிரக்கணக்கில் போட்டவள், பேனாவை உடனே தாளில் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் ஒன்பது கவிதையையும் முடிக்காமல் கையெழுத்துப் போட மறுத்தது கண் முன்னால் நின்றது. பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகாத ரோண்டாவும் நின்றாள். போட்டேன். பெரிதாக ஆரம்பித்து, வாலை நீட்டி, அடிக்கோடு இழுத்தேன்.

டுவெய்ன் கண்ணாடியை வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "இதோ. இதுதான் ஹால்வர்" என்றான். நீல முத்திரை விழுந்தது.

ஐந்தேகாலுக்கு ரோண்டா கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு, பூட்ஸில் பனியோடு மூன்றாவது மாடிக்கு ஓடி வந்தாள். நீல முத்திரை போட்ட நகலை நீட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"படிச்சாரா?" என்றாள்.

பச்சைக் குறிப்புகள் போட்ட கட்டையும், சிவப்பு முத்திரை விழுந்த தாளையும் கொடுத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் நின்றபடியே கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். நாற்பத்துநான்காவது கவிதைக்குக் கீழே, 'நிறுத்தத்தில் யாரும் இல்லாவிட்டாலும் கதவைத் திறக்கிறாயே, அதுதான் கவிதை. அதைத் தொடாதே' என்று எழுதியிருந்தது. ரோண்டா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பனித் தொப்பியைக் கழற்றி முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். எங்களுக்கு வெட்கமாக இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பணியாளர் அலுவலகத்தின் நேர்காணல் படிவத்தோடு அவர் அறைக்குப் போனேன். துறைச் செயலாளர் அந்த நேர்காணலை நடத்தலாம் என்று விதியில் இருந்தது. நான் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். அவர் ஜன்னலோரம் இருந்தார். மடியில் எந்தத் தாளும் இல்லை. வெயில் அவருக்குள் முன்பைவிடத் தாராளமாகப் போய் வந்தது.

கேள்விகளை வரிசையாகப் படித்தேன். பணியை விடுவதற்கான காரணம் என்ன? மரணம் என்பதற்குக் கட்டம் இல்லாததால் 'இதர' என்பதில் குறியிட்டேன். மேலதிகாரி உங்களுக்குப் போதிய ஆதரவு அளித்தாரா? அவர் சிரித்தார், இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. இந்த நிறுவனத்தை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? நண்பர்கள் எல்லாம் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். உங்கள் பணிக்காலத்தின் முக்கியச் சாதனை எது?

"இந்த இலையுதிர் காலம்" என்றார்.

கையெழுத்து இடும் இடத்தைக் காட்டினேன். அவர் பழக்க தோஷத்தில், "நீயே போட்டுடு" என்றார். நான் பேனாவை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி, மெதுவாக, சின்னதாக, வால் இல்லாமல் எழுதினார். பேனா மேஜையில் உருண்டது. நாற்காலி கிறீச்சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது. நாலு மணி ஆக இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் திரும்ப வரவில்லை.

ஜனவரியில் பணியாளர் அலுவலகத்திலிருந்து அந்தப் படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து மாதிரியோடு பொருந்தவில்லை, நேர்காணல் செல்லாது. என் கையால் இன்னொன்று போட்டு அனுப்பியிருக்கலாம். வாலோடு ஒரு கையெழுத்து, ஐந்து விநாடி வேலை. அவர் தன் கையால் எழுதி விடைபெற்றதை நான் அழித்து எழுத மாட்டேன் என்று அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சமையலறை இழுப்பறையில் வைத்தேன்.

ஆகவே ஆவணப்படி பேராசிரியர் ஹால்வர் இன்னும் பணியில் இருக்கிறார். தொண்ணூற்றைந்தில் சிறந்த ஆசிரியர் விருது கொடுத்தார்கள். போன வருஷத்திலிருந்து பதவி உயர்வுக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர், போட்டியின்றி. அவருடைய வருஷாந்தர அறிக்கையை நான்தான் எழுதுகிறேன், நான்தான் கையெழுத்திடுகிறேன். டீன் அதைப் படிக்காமல் பாராட்டுகிறார். செவ்வாய், வியாழன் இரண்டு மணிக்கு நான் இப்போதும் மரத் தட்டில் ஏதாவது ஒரு தாளை வைத்துப் பார்க்கிறேன். நாலு மணிக்கு அது வைத்தபடியே இருக்கிறது. அந்த அறையில் பேய் இருந்தபோது எனக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

எமெட் ஹால்வரின் கையெழுத்து இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான தாள்களில் இருக்கிறது. எல்லாம் சரிபார்க்கப்பட்ட அசல். போலி என்று முத்திரை விழுந்தவை இரண்டே இரண்டு. ஒன்று என் இழுப்பறையில் இருக்கிறது. மற்றதை ரோண்டா கண்ணாடிச் சட்டம் போட்டு, கவுண்டிப் பள்ளிக்கூடத்தில் தன் வகுப்பறைக்கு உள்ளே, கதவுக்கு நேர் எதிரே மாட்டி வைத்திருக்கிறாள்.